கண் கிள்ளும் கை

தாடியைப் பார்த்துத்தான் கேட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. வீட்ல மாசமா இருக்காங்களா? நெனச்சேன். மடியில லேப்டாப் பையும் காதுல ஒயருமா இருக்கிற பையன் இப்படிக் காடா வளத்து வச்சிருந்தா வேற என்ன காரணம் இருக்கும். எத்தனாவது மாசம்? ஏழா. அப்போ பாண்டிச்சேரிக்கு வளைகாப்புக்குப் போறீங்க. நல்லது, நல்லபடியா நடக்கட்டும்.

என்னோடதா? இது சும்மா சோம்பேறித்தனம். ரிட்டயர் ஆனவன் யாருக்காக மழிக்கணும்.

உங்களுக்கு யாரு சொன்னா? அம்மாவா? முடி வெட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, பொணம் தூக்கக் கூடாது, உயிரைக் கொல்லக் கூடாது. பொண்டாட்டி வயித்துல புள்ள இருக்கறப்ப புருஷன் எதையும் வெட்டக் கூடாது, எதையும் குத்தக் கூடாது. நீங்க படிச்சது என்ன, கம்ப்யூட்டரா? கம்ப்யூட்டர் படிச்சவர், பிளேடுக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு நிமிஷம் உக்காந்து யோசிச்சிருக்க வேணாமா? கோவிச்சுக்காதீங்க, உங்களை மட்டும் சொல்லல. இதே பேச்சுக்காக நான் ஒரு ஊரையே எதுத்து நின்னவன். எதுத்து நின்னு ஜெயிச்சவன். இப்போதான் மாமல்லபுரம் தாண்டுது, நேரம் இருக்கு, கேளுங்க.

நான் எறா டாக்டர். சிரிக்காதீங்க, எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவாங்க. எம்.எஸ்சி. கடல் உயிரியல். பேரு சிவப்பிரகாசம்னு சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது, எறா டாக்டர்னு சொல்லிப் பாருங்க, மரக்காணத்துல எந்தக் கடையிலயும் டீக்குக் காசு வாங்க மாட்டான். அதாவது அப்போ.

எறா சாப்பிடுவீங்கல்ல? குளத்துல வளக்குறாங்கன்னு தெரியும். குளத்துல விடுற குஞ்சு எங்கிருந்து வருது? அதுதான் ஹேச்சரி. தாய் எறாவைக் கொண்டாந்து தொட்டியில விட்டு முட்டை போட வைக்கிறது எங்க வேலை. ஆனா பாருங்க, தொட்டியில அது முட்டை போடாது. கடல்ல போடும், நம்ம கிட்ட போடாது. எவ்வளவு நல்ல தீனி போட்டாலும் சும்மா சுத்திச் சுத்தி வரும். ஏன்னா, முட்டை கட்டாதேன்னு தடுக்குற சுரப்பி அதோட கண்காம்புல உக்காந்திருக்கு. ஒரு கண்ணைக் காம்போட கிள்ளிட்டா தடை போயிடும். கொஞ்ச நாள்லயே வயித்துல முட்டை கட்டிடும்.

முகத்தை ஏன் சுளிக்கிறீங்க? உலகம் பூரா இப்படித்தான். நான் கண்டுபிடிச்சதில்ல. நான் கண்டுபிடிச்சது கிள்ளுற விதம். மத்தவன் எறாவைத் தண்ணிக்கு வெளிய தூக்கி, துணியில சுத்தி, சூட்டுக்கோல் மாதிரி இடுக்கியைக் காய்ச்சி வச்சு அழுத்துவான். அது துடிச்சு, பாதி செத்துப் போயிடும். நான் தண்ணிக்குள்ளயே வச்சு, இந்த ரெண்டு விரலால அணைச்சுப் பிடிச்சு, காய்ச்சாத சின்ன இடுக்கியால நொடியில முடிச்சிடுவேன். என் கையில எறா துடிக்காது. துடிக்கவே துடிக்காது. அதைப் பத்திக் கொச்சின்ல ஒரு கூட்டத்துல பேசக் கூப்பிட்டாங்க. அந்த சீசன்லதான் இதெல்லாம்.

தாய் எறா இருக்குற ரூம் எப்பவும் இருட்டா இருக்கணும். பட்டப் பகல்லயும் கறுப்புத் துணி போட்டு மூடி வச்சிருப்போம். உள்ள போய் டார்ச் அடிச்சீங்கன்னா தொட்டி பூராவும் கண்ணு நெருப்புத் துண்டு மாதிரி ரெண்டு ரெண்டா மின்னும். நான் உள்ள போய் வேலையை முடிச்சிட்டு டார்ச் அடிச்சா ஒத்தை ஒத்தையா மின்னும். எனக்கு அதைப் பாக்குறப்ப ஒரு சந்தோஷம். முட்டை வரப் போகுதேன்னு சந்தோஷம், வேற ஒண்ணும் இல்ல.

எங்கிட்ட தேசிங்குன்னு ஒருத்தன் வேலை செஞ்சான். மீன்பிடிக்கிற குடும்பம், கெட்டிக்காரன். நான் அவனுக்குக் கிள்ளக் கத்துக் குடுத்திருந்தேன். அந்த வருஷம் குளத்துக்காரங்க எல்லாம் குஞ்சு கேட்டு வாசல்ல நிக்கிறாங்க, முதலாளி தலைமேல நிக்கிறார், இவன் ஒரு நாள் காலையில வந்து இடுக்கியை என் மேசை மேல வச்சிட்டான்.

"வேணாம் சார். வூட்ல அஞ்சலாட்சி முழுவாம இருக்கறா. கண்ணு மேல கை வெக்க மாட்டேன்."

"டேய், அது எறாக் கண்ணுடா."

"கண்ணு கண்ணுதான் சார்."

அவனைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் நின்னுட்டானுங்க. ஒருத்தனுக்குக் கல்யாணமே ஆகல, அவனும் நின்னுட்டான். நான் திட்டல. எல்லாரையும் அந்த இருட்டு ரூம் வாசலுக்கு வரச் சொன்னேன். சொன்னேன்: "என் வீட்லயும் அஞ்சாம் மாசம். இன்னையிலிருந்து இந்தத் தொட்டியில ஒரு எறா பாக்கி இல்லாம நானே, என் கையால கிள்ளுறேன். எனக்குப் பொறக்குற புள்ளைக்கு இமையில ஒரு முடி குறைஞ்சு இருந்தாலும், என் பட்டத்தை இந்தக் கடல்ல வீசிட்டு உங்களோட வந்து வலை இழுக்குறேன். ரெண்டு கண்ணும் நல்லா இருந்தா, அதுக்கப்புறம் இந்த வாசல்ல ஒருத்தனும் இந்தப் பேச்சைப் பேசக் கூடாது. சம்மதமா?"

அவனுங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டானுங்க. தேசிங்கு மட்டும், "இன்னா சார், கொழந்தைய வச்சா பந்தயம் கட்டுவாங்க?"ன்னான். பந்தயம் இல்லடா, சோதனைன்னேன். சோதிச்சுக் காட்டுனாத்தானே தம்பி விஞ்ஞானம். அடுத்தவன் வீட்டுப் புள்ளையை வச்சு சோதிச்சா தப்பு. நான் என் புள்ளையை வச்சேன். எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?

சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அஞ்சலாட்சி எங்க வீட்டுக்கு மீன் குடுக்க வர்றவ, அவ வழியா என் வீட்டம்மாவுக்கும் போயிடுச்சு. வேதவல்லின்னு பேரு. ஸ்கூல் டீச்சர், கணக்குப் பாடம். சகுனம் கிகுனம்னு ஒண்ணும் பாக்க மாட்டா. ராகு காலத்துல பீரோ வாங்கினவ. அவ என்ன சொல்றா தெரியுமா? "எனக்கு அதுல நம்பிக்கை எல்லாம் இல்லீங்க. ஆனா பயமா இருக்கு. பொறக்குற வரைக்கும் வேற யாரையாவது செய்யச் சொல்லுங்களேன்."

நம்பிக்கை இல்லைன்னா பயம் எதுக்குன்னு கேட்டேன். அழுதா. சரி, அவ நிம்மதிதான் முக்கியம்னு நிறுத்திட்டேன்னு சொல்லிட்டேன். நிறுத்தல. எப்படி நிறுத்துறது? அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டு வந்திருக்கேன். நிறுத்தினா சிவப்பிரகாசமும் பயந்துட்டான்னு ஆயிடும். தினமும் கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுக் கழுவிட்டுத்தான் வீட்டுக்குள்ள நுழைவேன். அவ நான் சட்டையைக் கழட்டுறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சு மோந்து பாப்பா. எலுமிச்சம்பழ வாசனைதான் வரும். கையை விட்டுடுவா. அவ நிம்மதிக்காக நான் எவ்வளவு மெனக்கெட்டிருக்கேன் பாருங்க. இதெல்லாம் யாரும் கணக்குல வைக்கிறதில்ல.

அந்த மாதிரி ஒரு சீசன் அந்தக் கடற்கரை பாத்ததில்ல. குஞ்சு அப்படிக் கொட்டுச்சு.

பிரசவம் ஆச்சு. பொண்ணு. நர்ஸ் துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க. நான் முதல் வேலையா என்ன செஞ்சேன், இமையை விலக்கிப் பாத்தேன். வலது கண்ணு. அப்புறம் இடது கண்ணு. நர்ஸ் கத்துனாங்க, "என்ன சார் பண்றீங்க, பச்சைக் கொழந்தை." நான் காதுலயே வாங்கிக்கல. ரெண்டும் கருகருன்னு, தண்ணி விட்டுக் கழுவி வச்ச மாதிரி. வெளிய மரத்தடியில தேசிங்கும் மத்தவனுங்களும் நின்னுட்டிருந்தானுங்க. அப்படியே குழந்தையை எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டினேன். "பாருங்கடா. நல்லாப் பாத்துக்குங்க." அவனுங்க ஒவ்வொருத்தனா குனிஞ்சு பாத்தானுங்க. தேசிங்கு கையெடுத்துக் கும்பிட்டான். என் வாழ்க்கையில அதை விடப் பெரிய நாள் கிடையாது தம்பி. கொச்சின் மேடை எல்லாம் அதுக்கப்புறம்தான்.

கயல்விழின்னு பேரு வச்சேன். வேணும்னேதான் வச்சேன். கூப்பிடுறப்பெல்லாம் ஊருக்குக் கேக்கட்டுமேன்னு.

திரும்பி வந்து வேதவல்லி கிட்ட, பாத்தியா, ஜெயிச்சிட்டேன்னு சொன்னேன். அவ கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்திருந்தா. அப்போதான் அவளுக்குத் தெரியும், நான் நிறுத்தவே இல்லைன்னு. முன்னாடியே தெரியுமோ என்னவோ. சொன்னா: "ரெண்டு கண்ணும் இருக்கு, அதனால நீங்க ஜெயிச்சுட்டீங்க. இல்லாமப் போயிருந்தா தோக்குறது யாருங்க?"

பிரசவம் ஆன உடனே பொம்பளைங்க இப்படித்தான் என்னத்தையாவது பேசுவாங்க, உடம்பு அசதி. நான் பெருசா எடுத்துக்கல. இல்லாமப் போக வாய்ப்பே இல்லையே, அப்புறம் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்? அர்த்தமே கிடையாது. இத்தனை வருஷமா யோசிச்சுப் பாத்துட்டேன், அர்த்தமே இல்லாத கேள்வி.

வண்டி எங்க வந்திருக்கு? சரி, சரி, இன்னும் இருக்கு. மரக்காணம் தாண்டி உப்பளம் முடியுற இடத்துல நான் இறங்கணும். இந்தப் பையில என்னன்னு நெனச்சீங்க? என் இடுக்கிதான். காம்பு தேஞ்சு என் விரலுக்குன்னே ஆயிடுச்சு, வேற யாரு பிடிச்சாலும் நிக்காது. பழைய முதலாளியோட மகன் இப்போ ஹேச்சரி நடத்துறான். வெளிநாட்டுலேர்ந்து தாய் எறா வந்து இறங்கியிருக்கு, புதுசா இருக்குற பசங்க கிள்ளுனா செத்துப் போகுதாம். அங்கிள், நீங்க வந்தே ஆகணும்னு தினமும் போன். இப்போ வெள்ளைக்காரன் கண்ணு கிள்ளாத எறாதான் வேணும்னு கேக்குறானாம், இருந்தாலும் இங்க நடக்குறது நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. கூப்பிட்டா போறதுதானே.

தேசிங்கு கதையா? அதான் சொல்ல வர்றேன். அதைச் சொல்லாம விட்டா நான் எதையோ மறைக்கிறேன்னு ஆயிடும்.

எம் பொண்ணைப் பாத்த மறுநாளே தேசிங்கு வந்து இடுக்கியைக் கையில எடுத்துட்டான். அஞ்சலாட்சிக்கு அப்போ வயிறு நல்லாத் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. "சார் செஞ்சதை நான் செய்யறேன்"னான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஒருத்தனைத் திருத்தினாக் கூடப் போதும்தானே. அவ பிரசவம் வரைக்கும் அவன்தான் கிள்ளுனான். நல்லாத்தான் கிள்ளுனான்.

அவளுக்குப் பையன் பொறந்தான். இடது கண்ணு வளராம, சின்னதா, மூடியே இருந்துச்சு.

இருங்க, இருங்க. எழுந்து போகாதீங்க. உங்க முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு? இதுக்குத்தான் சொல்றேன், படிச்சவங்களே இப்படின்னா. முழுசாக் கேளுங்க. நான் உடனே விசாரிச்சேன். அஞ்சலாட்சிக்கு ரெண்டாம் மாசத்துல உடம்பெல்லாம் பொரிஞ்சு காய்ச்சல் வந்திருக்கு. அம்மா வந்திருக்கான்னு வேப்பிலை வச்சுப் படுத்திருக்கா. அது ருபெல்லா. ரத்தம் எடுத்துப் பாத்துட்டுப் பெரியாஸ்பத்திரி டாக்டரே சொன்னார். மாசமா இருக்குறப்ப ஆரம்பத்துல அந்தக் காய்ச்சல் வந்தா குழந்தைக்குக் கண்ணு பாதிக்கும். தேசிங்கு இடுக்கியைத் தொட்டது எப்போ? ஆறாம் மாசத்துல. காய்ச்சல் வந்தது எப்போ? ரெண்டாம் மாசத்துல. முன்னாடி நடந்ததுக்குப் பின்னாடி செஞ்சது காரணமாகுமா? இதைப் புரிஞ்சுக்க எம்.எஸ்சி. வேணுமா?

ஆனா அந்த வீட்ல தேசிங்கோட அம்மா தலையில அடிச்சுக்கிட்டு, மகனைப் பிடிச்சு உலுக்குறா. "பாவி, கையை வெட்டிப் போடுடா." அவன் மூலையில உக்காந்து கையையே பாத்துக்கிட்டு இருக்கான். என்னால தாங்க முடியல. என் பேச்சைக் கேட்டவனாச்சே. அவனை அப்படி விட்டுட முடியுமா? நேரா உள்ள போனேன். கட்டில்ல அஞ்சலாட்சி குழந்தையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. எல்லார் முன்னாடியும், எல்லாருக்கும் புரியுற மாதிரி எடுத்துச் சொன்னேன். "தேசிங்கு மேல ஒரு தப்பும் இல்ல. அஞ்சலாட்சி, உனக்கு அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுதான் காரணம். உன் உடம்புலேர்ந்துதான் புள்ளைக்குப் போச்சு."

உண்மையைத்தானே சொன்னேன்?

கிழவி அழுகையை நிறுத்திட்டா. நிறுத்திட்டு மெதுவா மருமக பக்கம் திரும்பினா. "அப்போ இவதானா." அவ்வளவுதான் சொன்னா. நான் வெளிய வந்துட்டேன். அந்த வாரமே அஞ்சலாட்சியை அவ அம்மா ஊருக்கு அனுப்பிட்டாங்க. தேசிங்கு தடுத்தானா தடுக்கலையா எனக்குத் தெரியாது. ரொம்ப நாள் கழிச்சுப் போய்க் கூட்டிட்டு வந்தான்னு கேள்வி. அவன் திரும்ப ஹேச்சரிக்கு வரல.

வேதவல்லி அன்னைக்குச் சோறு போடல. தட்டு மட்டும் வச்சா. "பழி அவன் மேல இருந்தா அவன் சுமந்துட்டுப் போயிருப்பான், ஆம்பளை. நீங்க மெனக்கெட்டுப் போய் அதை எடுத்து பச்சை உடம்புக்காரி மடியில வச்சுட்டு வந்திருக்கீங்க." நான் சொன்னேன், பழி இல்லடி, காரணம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. அவளுக்கு அந்த வித்தியாசம் புரியல. கணக்கு டீச்சர்தான், ஆனாலும் புரியல.

சரி, எல்லாம் பழைய கதை. அந்தப் பையன், முத்துவேல்னு பேரு, இப்போ அதே ஹேச்சரியிலதான் வேலை பாக்குறான். நான்தான் பழைய முதலாளிகிட்டச் சொல்லிச் சேத்துவிட்டேன். நல்ல பையன், என்மேல மரியாதை. பாத்தா "வாங்க சார்"னு பைக்கை நிறுத்துவான். மனசுல ஒண்ணும் வச்சிக்கல. வச்சிக்கறதுக்கும் ஒண்ணும் இல்லையே.

எம் பொண்ணா? கயல் சென்னையில இருக்கா. அவளுக்கு இப்போ எட்டாம் மாசம். ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் நல்லபடியா இருக்கு, டாக்டர் எழுதியே குடுத்திருக்காங்க. வேதவல்லி அங்கதான் போய் இருக்கா. நானும் வர்றேன்னேன். பொறந்ததும் சொல்லி அனுப்புறேன், அப்போ வாங்கன்னுட்டா. ஏன்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல. நேத்து கயல் போன் பண்ணினப்போ, "அப்பா, வேலைக்குக் கூப்பிடுறாங்களாமே, போறீங்களா?"ன்னா. பாக்கலாம்மான்னேன். "சரிப்பா"ன்னா. வேணாம்னு சொல்லல. சொல்லியிருந்தா நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சரிப்பான்னு வச்சிட்டா.

அதோ, உப்பு குவிச்சு வச்சிருக்காங்க பாருங்க. வந்துடுச்சு. அந்த டீக்கடை ஸ்டாப்தான். பைக்கோட, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிறான் பாருங்க, அவன்தான் முத்துவேல். என்னைக் கூட்டிட்டுப் போக அனுப்பியிருக்காங்க. ஒவ்வொரு ஜன்னலா பாத்துக்கிட்டு வர்றான்.

தம்பி, நீங்க கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காருங்களேன். இந்தப் பக்கம் வெயில் அடிக்குது. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே இருங்க.

போயிட்டானா? நிக்கிறானா? சரி, டிரைவர் வண்டியை எடுத்துட்டான்.

ஆமா, அதான் என் ஸ்டாப். தெரியும் தம்பி, எனக்குத் தெரியாதா. கண்டக்டர் வந்தா பாண்டிக்கு மீதி டிக்கெட் எடுத்துக்கிறேன். கை கொஞ்சம் நடுங்குது இப்பல்லாம். வயசாச்சுல்ல. நடுங்குற கையால கிள்ளுனா எறா துடிக்கும், அது பாவம். வேற ஒண்ணும் இல்ல.

என்ன சிரிப்பு? பயமா? எனக்கா? அத்தனை பேர் முன்னாடி நின்னு சொன்னவன் தம்பி நான். சொன்னதுல ஒரு வார்த்தை இன்னைக்கும் மாத்திக்க மாட்டேன். எறாவோட கண்ணுக்கும் மனுசன் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்க வேணா எழுதித் தர்றேன்.

கயலுக்குக் குழந்தை பொறக்கட்டும். இன்னும் ஒரு மாசம்தானே. பொறந்து, ரெண்டு கண்ணையும் தொறந்து என்னைப் பாக்கட்டும். மறுநாளே முதல் பஸ்ல வந்து, அந்த ரூம்ல எத்தனை கண்ணு இருக்கோ அத்தனையும் கிள்ளித் தர்றேனா இல்லையான்னு பாருங்க.